ராக்கெட் படத்துக்குக் கடைசி ரீல் வராத ஞாயிற்றுக்கிழமை

பண்டாரவளையில் ஆசிரியையாக இருக்கும் கலைவாணி அண்மையில் எனக்குத் தொலைபேசி எடுத்தார். அவருடைய பாடசாலையில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குப் படம் போட்டுக் காட்டுகிறார்களாம்.

"ஸ்பேஸ் ஒபேரா படங்கள்ல கட்டாயம் பார்க்க வேண்டியது ஒரு பத்து எழுதித் தாங்க ஐயா. ஒங்களுக்குத் தெரியாததா?"

அது என்ன வகைப் படம் என்று நான்தான் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நட்சத்திரங்களுக்கு நடுவே இராச்சியங்கள் சண்டை பிடித்து, குடும்பங்கள் ஆளுக்கொரு கிரகமாகப் பிரிந்து, இடையிடையே பெரிதாக ஏதாவது வெடிக்கும் படங்களுக்கு அப்படிப் பெயராம். நாங்கள் ராக்கெட் படம் என்று சொல்லி முடித்துவிடுவோம். அந்த வகைப் படங்களில் நான் ஒரு மேதை என்று பதுளையில் இன்னும் சிலர் நம்புகிறார்கள். பல வருடங்கள் ஞாயிறு தவறாமல் அவற்றைப் பார்த்தவன் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் படங்களில் நடிகர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர்கள் பேசும்போதெல்லாம் நான் பேசிக்கொண்டிருந்தேன்.

அதுதான் என் உத்தியோகம். பதுளையில் அப்போது ஒரு சின்னத் தியேட்டர் இருந்தது. இப்போது அந்தக் கட்டடத்தில் கட்டிலும் அலுமாரியும் விற்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தேயிலைத் தோட்டத்துச் சனம் சந்தைக்கு இறங்கும். நல்ல தமிழ்ப்படமெல்லாம் டவுனில் இருந்த பெரிய தியேட்டருக்குப் போய்விடும். எங்கள் முதலாளிக்கு மலிவாகக் கிடைத்தது பழைய ஆங்கில ராக்கெட் படங்கள். பாஷை விளங்காத படத்துக்கு யார் வருவார்கள்? முதலாளி யோசித்துப் பார்த்துவிட்டு, திரைக்கு ஓரமாக ஒரு மைக்கை வைத்து, வாசலில் டிக்கட் கிழித்துக்கொண்டிருந்த என்னை அதன் முன்னால் நிறுத்தினார். படம் ஓட ஓட நான் தமிழில் கதை சொல்ல வேண்டும்.

எனக்கு இருந்த தகுதி ஒன்றுதான். சத்தமான குரல். ஆங்கிலத்தில் நான் பரீட்சைக்குப் பரீட்சை கோட்டை விட்டவன் என்பதை முதலாளியும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. முதல் வாரம் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேசினேன். இரண்டாம் வாரம் சனம் கை தட்டி, மாஸ்டர் என்று கூப்பிட்டது. மூன்றாம் வாரம் பவுடர் பூசிக்கொண்டு வந்து, ஒருவர் முகமும் தெரியாத இருட்டில் நின்று பேசினேன். பயிற்சிக் காலம் அத்தோடு முடிந்தது.

சனத்துக்கு விளங்குகிற மாதிரி சொல்ல வேண்டும் என்பது முதலாளியின் கட்டளை. ஆகவே படத்தில் சக்கரவர்த்தி வந்தால் அவர் பெரிய தொரை. அவருக்குப் பக்கத்தில் பலகையும் கையுமாக நிற்கும் நீளக் கழுத்துக்காரர் கணக்கப்பிள்ளை. எதிர்த்துச் சண்டை போடுகிறவர்கள் யூனியன். வீரர்களை வரிசையில் நிறுத்திக் கட்டளை கொடுத்தால், "காலைப் பெரட்டு நடக்குது, யாருக்கு எந்த மலைன்னு வேலை பிரிக்கிறாங்க" என்பேன். கிரகங்களின் பெயர் வாயில் நுழையாது. தோட்டத்தைப் பிரிக்கிற மாதிரி மேல் டிவிசன், கீழ் டிவிசன் என்று பிரித்துவிட்டேன். இப்படி அண்டசராசரத்தையும் எங்கள் ஊவா மாகாணத்துக்குள் அடக்கி வைத்தது நான்தான்.

தவறு வராமல் இல்லை. ஒரு படத்தில் தளபதி ஒருவர் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்தார். செத்துப் போனார் என்று அறிவித்து, சோகமாக இரண்டு வார்த்தையும் பேசிவிட்டேன். இடைவேளைக்குப் பிறகு மனுசன் எழுந்து வந்து சாப்பிடுகிறார். "இவரு அவரோட தம்பி" என்று சமாளித்தேன். அந்தப் படத்தின் இரண்டாம் பாகம் வந்தபோது தளபதி மறுபடியும் பெட்டிக்குள் படுத்து மறுபடியும் எழுந்தார். முன் பெஞ்சில் இருந்து ஒரு குரல், "ஏங்க மாஸ்டர், இவங்க அம்மாவுக்கு மொத்தம் எத்தன புள்ளைங்க?" என்று கேட்டது.

எங்கள் மெனேஜர் கதிரவேலு ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். குடும்பம் அங்கே, அவர் மட்டும் பதுளையில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தார். வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பொத்தானையும் பூட்டியிருப்பார். சிரித்து நான் பார்த்ததில்லை. ராக்கெட் படத்துக்கு ஒத்திகை கிடையாது. ஒரே பிரதியைப் பண்டாரவளைத் தியேட்டரும் நாங்களும் பங்கு போட்டுக்கொண்டோம். மெனேஜர் முதல் நாளே பண்டாரவளைக்குப் போய்ப் படத்தைப் பார்த்துவிட்டு வருவார். ஞாயிறு காலை தன் அறையில் எனக்குப் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்து, முழுக் கதையையும் நாலே வசனத்தில் சொல்வார். நாலாவது வசனம் எப்போதும் முடிவு. அந்த நாலு வசனத்தைத்தான் நான் இரண்டு மணித்தியாலத்துக்கு இழுப்பேன்.

"கதையைச் சொல்லும் மாஸ்டர், உம்மட கருத்தைச் சொல்லாதையும்" என்பார் ஒவ்வொரு வாரமும்.

படம் தொடங்கியதும் அவர் கடைசி வரிசைக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்காருவார். கையில் நீளமான டார்ச் லைட். டார்ச்சின் தலையைத் திருகினால் வெளிச்ச வட்டம் சுருங்கும், விரியும். அதுதான் அவர் என்னோடு பேசும் பாஷை. ஒரு தரம் மின்னினால், வாயை மூடு, இசையைக் கேட்கட்டும். இரண்டு தரம் மின்னினால், சனம் முழிக்கிறது, பேசு. அணைக்காமல் என் முகத்திலேயே பிடித்துக்கொண்டிருந்தால், நீர் பொய் சொல்லுகிறீர். இந்த மூன்றாவது வெளிச்சத்தை நான் வாங்காத ஞாயிறு குறைவு. சனமோ அது எனக்குத் தரும் மரியாதை என்று நினைத்துக் கை தட்டும். நானும் தலை குனிந்து ஏற்றுக்கொள்வேன்.

சொல்ல வந்த ஞாயிறு, கப்பல் ஓடிக்கொண்டிருந்த கடைசிக் காலத்தில் வந்தது. தோட்டத்துச் சனத்தில் ஒரு பகுதி இந்தியாவுக்கு, ஒரு பகுதி இங்கேயே என்று இரண்டு அரசாங்கங்களும் பேசிப் பிரித்திருந்தன. இந்தியா பாஸ்போர்ட் கிடைத்தவர்கள் நாங்கள் கோச்சி என்னும் ரயிலில் ஏறி, தலைமன்னார் போய், அங்கிருந்து கப்பலில் போனார்கள். ஒரே வீட்டிலேயே அக்காவுக்கு இந்த நாடு, தங்கைக்கு அந்த நாடு என்று ஆகிப் போனது. ரயில் புறப்படும் நாட்களில் ஸ்டேசன் பக்கம் போகவே மனசு வராது.

அன்று காலை மெனேஜர் சொன்ன நாலு வசனம் இவைதான்.

"ஒரு கிரகம் அழியப்போகுது. கழுத்தில நீலத் தகடு போட்ட சனம் கப்பலில வேற கிரகத்துக்குப் போகவேணும், சிவப்புத் தகடு போட்டதுகள் அங்கையே நிக்கவேணும். அக்காவுக்குச் சிவப்பு, தங்கச்சிக்கு நீலம். கடைசியில கப்பல் திரும்பி வாறேல்லை."

படத்தின் பெயரை நான் எழுத மாட்டேன். எழுதினால் நீங்கள் பார்த்துவிட்டு என்னைத் தேடி வருவீர்கள்.

பிளேன்டீயைக் குடித்துவிட்டு வாசலுக்கு வந்தேன். முத்தம்மாவும் செல்வியும் நின்றார்கள். தெமோதரைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் அக்கா தங்கை. எந்த வாரமும் தவற விடாமல் வந்து முன் பெஞ்சில் உட்காருவார்கள். தளபதியின் அம்மாவுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்ட குரல் இந்த முத்தம்மாவுடையதுதான்.

"அண்ணே, இன்னிக்கு நல்லபடியா சொல்லுங்க" என்றாள் முத்தம்மா. "செல்வி வர்ற வியாழக்கெழம இந்தியாவுக்குப் போறா. மாப்பிள வீட்டுப் பக்கம் எல்லாருக்கும் பாஸ்போர்ட் வந்துருச்சு. நாங்க ரெண்டு பேரும் சேந்து பாக்குற கடைசிப் படம். அழுவுற மாதிரி வேணாங்க. வீட்ல அழுதது போதும்."

செல்வி சந்தைப் பையைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றாள்.

கொஞ்சமாவது மூளை உள்ளவன் என்ன சொல்லியிருப்பான்? "இன்னிக்கு இங்க வேணாம்மா, பெரிய தியேட்டர்ல சிரிப்புப் படம் ஓடுது, அங்க போங்க" என்றிருப்பான். அது என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அங்கே போனால் அவர்கள் என்னைக் கேட்க மாட்டார்களே! நெஞ்சை நிமிர்த்தி, "நான் இருக்கேன்ல? சிரிச்சுக்கிட்டே வீட்டுக்குப் போவீங்க" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

படம் தொடங்கியது. தகடு கொடுக்கும் காட்சி வந்ததுமே பெஞ்சுகளில் முணுமுணுப்பு. "இந்தியா பாஸ்போர்ட்டு" என்று எவரோ சொன்னார்கள். நான் இரண்டும் ஒரே தகடுதான், சாயம் பூசும்போது நீலம் தீர்ந்துவிட்டது என்றேன். டார்ச் என் முகத்துக்கு வந்தது. திரையில் அக்காவும் தங்கையும் கட்டிப்பிடித்து அழுதார்கள். "மேல் டிவிசன் கிரகத்துல அரிசி வெல கூடிப்போச்சு, அதுக்குத்தான் அழுவுறாங்க" என்றேன். டார்ச் அசையவில்லை. பெரிய வாசல் திறந்து நீலத் தகட்டுக்காரர்கள் மூட்டையும் பிள்ளையுமாகக் கப்பலுக்குள் ஏறினார்கள். திருவிழாவுக்குப் போகிறார்கள் என்றேன். முன் பெஞ்சில் யாரும் சிரிக்கவில்லை. தோட்டத்துச் சனத்துக்கு மூட்டையைப் பார்த்தால் திருவிழாவா, ஊரை விட்டுப் போவதா என்று தெரியாதா? கப்பல் எழும்பியது, அக்கா ஒரு விளக்குக் கோபுரத்தின் மேல் தனியாக நின்றாள், திரை வெள்ளையாகிப் போனது.

கடைசி ரீல் அடுத்த கோச்சியில் வர வேண்டும். பண்டாரவளையில் ஓடி முடிந்த ரீல்களைத் தகரப் பெட்டியில் போட்டுக் கோச்சியின் கார்டிடம் கொடுத்துவிடுவார்கள். எங்கள் ஆள் சைக்கிளில் ஸ்டேசனுக்குப் போய் வாங்கி வருவார். அன்றைக்கு அவர் வெறுங்கையோடு வந்தார். எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவே பாதையில் மண் சரிந்து, கோச்சி நின்றுவிட்டது.

மெனேஜர் திரைக்கு முன்னால் வந்து விசயத்தைச் சொன்னார். பெஞ்சுகளைத் தட்டினார்கள். ஒருவர் விசில் அடித்தார். எனக்கு மட்டும் உள்ளுக்குள் பெரிய நிம்மதி. திரும்பாத கப்பலை இனி எவரும் பார்க்கப் போவதில்லை, எல்லோரும் எழுந்து சந்தைக்குப் போகலாம். அப்போது பின்னால் இருந்து ஒரு கிழவர் கத்தினார்.

"படம் வராட்டி என்னாங்க? மாஸ்டர் வாய் கோச்சியிலயா வருது? கதைய சொல்லச் சொல்லுங்க!"

சனம் அதைப் பிடித்துக்கொண்டது. சொல்லு, சொல்லு என்று ஒரே கூச்சல். முன் பெஞ்சில் முத்தம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். செல்வியின் கை அவளுடைய கைக்குள் இருந்தது.

மைக்கைப் பிடித்தேன். திரையில் ஏதாவது ஆடிக்கொண்டிருந்தால்தான் எனக்குப் பேச்சு வரும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வெள்ளைத் துணியைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொண்டது. எப்படியோ தொடங்கினேன். கப்பல் போகுது, போகுது, தங்கச்சி சன்னல் வழியா அக்காவோட வெளக்கைப் பார்க்கிறா, டிரைவர்கிட்ட சொல்லிக் கப்பலைத் திருப்பச் சொல்றா, கப்பல் திரும்புது என்றேன்.

"சும்மா இருங்க மாஸ்டர்" என்றார் அதே கிழவர். "எங்க மாமன் போன கப்பலு திரும்பல. எங்க மக போன கப்பலு திரும்பல. ஒங்க கப்பலு மட்டும் திரும்புதாக்கும்!"

முதலில் இரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. முந்நூறு பேரைச் சிரிக்க வைப்பவன் என்று மார்தட்டிக்கொண்டிருந்தவன், அந்த அமைதியில் மைக்கைப் பிடித்தபடி மரமாக நின்றேன். செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். கடைசி வரிசைக்குப் பின்னாலிருந்து டார்ச் வெளிச்சம் வந்து என் முகத்தில் விழுந்து, அணையாமல் நின்றது. நீர் பொய் சொல்லுகிறீர். ஆமாம் ஐயா, எனக்கு மட்டும் தெரியாதா?

நான் மைக்கை வைத்துவிட்டு இறங்கப் போனேன். வெளிச்சம் என் முகத்தை விட்டு மெல்ல நகர்ந்தது. என் தோளுக்கு மேலே ஏறி, திரையின் மேல் மூலைக்குப் போய், ஒரு பொட்டளவு வட்டமாக நின்றது. ஹாலே அதைப் பார்த்தது. அந்தப் பொட்டு அசைந்து அசைந்து கீழே இறங்கத் தொடங்கியது. மெனேஜர் டார்ச்சின் தலையைத் திருகிக்கொண்டிருக்க வேண்டும், இறங்க இறங்க வட்டம் பெரிதாகியது.

ஏதோ ஒரு பிள்ளை, "ஐ, கப்பலு வருது!" என்றது.

எனக்குக் குரல் திரும்பியது. "வருதுங்க, பாருங்க, அந்தா வருது" என்றேன். கப்பல் வரும் வழியெல்லாம் சொன்னேன். எல்ல மலையைத் தாண்டி வந்தது, கோச்சி சுற்றிக்கொண்டு போகும் தெமோதரைச் சுற்றுப்பாதையில் ஒரு வளையம் போட்டது. வட்டமும் திரையில் ஒரு வளையம் போட்டது. சனம் ஓவென்று கத்தியது. ஸ்டேசன் வந்தது, கதவு திறந்தது, தங்கச்சி இறங்கினாள், பிள்ளைகளோடு இறங்கினாள். அக்கா கோபுரத்து விளக்கை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள் என்றேன். அதற்கு மேல் அழுகைதான் வந்தது. வட்டம் திரை முழுக்க விரிந்து, சிறிது நேரம் நின்று, அணைந்தது. கை தட்டல் ஓய வெகு நேரம் ஆயிற்று. அந்தக் கிழவரும் தட்டினார்.

வாசலில் செல்வி என் முன்னால் நின்று, "சிரிச்சுக்கிட்டுத்தாண்ணே போறோம்" என்றாள். இரண்டு பேர் முகமும் நனைந்திருந்தது, ஆனாலும் சிரித்துக்கொண்டுதான் போனார்கள். வியாழக்கிழமை நான் ஸ்டேசனுக்குப் போகவில்லை. தைரியம் இல்லை.

மெனேஜர் தன் அறையில் டார்ச்சைத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"விசர் வேலை" என்றார், தன் பைத்தியக்காரத்தனத்தைத் தானே திட்டுவது போல. "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும்."

"ஐயாவும் பொய் சொல்லிட்டீங்களே?"

"நானெங்கை காணும் கதைச்சனான்? நான் வெளிச்சம் மட்டுந்தான் பிடிச்சனான்."

அடுத்த வாரம் வேறு படம் வந்தது. அந்தப் பிரதி அப்படியே கொழும்புக்குப் போய்விட்டது. சில வருடங்களில் தியேட்டரை மூடினார்கள். மெனேஜர் ஊருக்குப் போனார், பிறகு காலமானதாகக் கேள்விப்பட்டேன். நான் பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர் வேலைக்குச் சேர்ந்து, அங்கிருந்தே ஓய்வு பெற்றேன். பசறை பஸ் வருவதை நான் அறிவித்த அழகில், பசறைக்குப் போக வேண்டாதவர்களும் ஏறிவிட்டார்கள் என்று மேலதிகாரி ஒரு முறை எச்சரித்ததைத் தவிர அந்தக் காலத்தில் சொல்ல எதுவும் இல்லை.

பட்டியல் கேட்ட கலைவாணிக்கு நான் இந்த ஒரு படத்தின் பெயரைத்தான் கொடுத்தேன். கொடுத்துவிட்டுத்தான் நானே அதைத் தேடிப் பார்த்தேன். இப்போது அது தமிழிலேயே பேசுகிறது, இன்டர்நெட்டில் கிடக்கிறது. வெட்கக்கேடு! நான் கணக்கப்பிள்ளை என்ற நீளக் கழுத்துக்காரர் உண்மையில் அந்த அக்கா தங்கையின் தகப்பன். பெரிய தொரையை நான் படம் முழுக்கத் திட்டினேன், அவர்தான் தன் நீலத் தகட்டைக் கழற்றி ஒரு ஏழைக்குக் கொடுத்துவிட்டுச் செத்துப் போகிறார். முடிவை மட்டும் மெனேஜர் சரியாகத்தான் சொல்லியிருந்தார்.

போன ஞாயிறு கலைவாணி மடிக்கணினியோடு என் வீட்டுக்கு வந்தார். கூட வயதான பெண்கள் இரண்டு பேர். ஒருவர் அவருடைய அம்மா முத்தம்மா. மற்றவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை.

"செல்விங்கண்ணே" என்றார் அவர். நீலகிரியில் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்று, இத்தனை காலத்துக்குப் பிறகு முதல் தடவையாக விமானம் ஏறி வந்திருக்கிறார். "அந்தப் படத்தோட கடைசி ரீல நாங்க இன்னும் பாக்கலியே. ஒங்க வீட்ல, ஒங்களோட ஒக்காந்து பாக்கலாம்னு வந்தோம்."

கரண்ட் போய்விடும் என்றேன். போகவில்லை. கடைசியில் வெறும் சண்டைதான், பார்க்கிற மாதிரி இல்லை என்றேன். முத்தம்மா, "நீங்க சும்மா இருங்கண்ணே, இன்னிக்குப் படத்துல உள்ளவங்க பேசட்டும்" என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக, கூட ஆட்கள் இருக்க, ஒரு ராக்கெட் படத்துக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு பேரும் பழையபடி கையைப் பிடித்துக்கொண்டார்கள். கப்பல் எழும்பியது, கோபுரத்தில் அக்கா விளக்கை ஆட்டினாள். கப்பல் சின்னதாகி, பொட்டாகி, இல்லாமல் போனது. அவள் விளக்கை அணைக்கவில்லை. படம் முடிந்து பெயர்கள் ஓடின.

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மன்னிப்புக் கேட்பதா, பிளேன்டீ போடுவதா என்று தெரியாமல் எழும்பப் போனபோது, முத்தம்மா கணினித் திரையையும், பக்கத்தில் இருந்த தங்கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்தா வந்து ஒக்காந்திருக்கா" என்றார். "படத்தத் தப்பா எடுத்துட்டானுங்கண்ணே."